கபிரிஞ்ஞாவும் ஈழத்துப் பொப்பிசையும்

இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரண்மனை வாயிலிலும் கோயில் முன்றிலிலும் நின்றே எழுதினர். கல்வெட்டும் பட்டயமும் ஏடும் கிடைக்குமிடம் அதுவாதலின் அவரைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும், பெருந்தொகையான மக்கள் நாள்தோறும் கேட்டும் பாடியும் மகிழும் இசை எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகின், சுவடு அவ்வாயில்களை நோக்கிச் செல்வதில்லை. அது கப்பலின் அடித்தட்டையும், பருத்திக் காட்டையும், கோட்டை மதிலுக்குக் கல் சுமந்தவரின் குடிசையையும் நோக்கிச் செல்கின்றது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய கரையூர்களிலிருந்து மாணவர் சுற்றுலாச் செல்லும் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்க. ஊரெல்லை கடக்குமுன்பே பின்னிருக்கைகளிற் கச்சேரி தொடங்கிவிடும். வெறும் தண்ணீர்க் கலன் மத்தளமாகும், போத்தலும் கரண்டியும் தாளமாகும், எஞ்சியது கைதட்டு. 'சின்ன மாமியே' ஓயுமுன் 'சுராங்கனி' எழும். இப்பாடல்கள் புகழ்பெற்ற காலத்தில் அம்மாணவரின் பெற்றோருட் பலர் பிறந்திருக்கவுமில்லை. எனினும் சொல் தவறாது பாடுவர். இந்தத் துள்ளு நடை யாருடையது என்று வினவின், பைலா என்பர். பைலா யாருடையது என்று வினவின், சிங்களவருடையது என்றோ பறங்கியருடையது என்றோ விடை வரும். அவ்விரு விடையும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் பாதிவழியில் நின்றுவிடுகின்றன.

பாதிவழியில் நின்ற இத்தகைய விடைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உளது. 1950களின் நடுவில் எழுந்து உலகத்து இளைஞரை ஆட்கொண்ட றொக் இசையின் முகங்களாக அறியப்பட்டோர் மிகப் பலர் வெள்ளையர். அவ்விசையின் முதுகெலும்போ புளூஸ் என்னும் கறுப்பின மக்களின் பாட்டு. 1865இல் ஐக்கிய அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. வயலும் கடனும் ஒழியவில்லை. மிசிசிப்பி ஆற்றுப்புறத்துப் பருத்திக் காடுகளில் விளைச்சலிற் பங்கு என்னும் பெயரால் உழைத்து, ஆண்டிறுதியிற் கடனாளியாகவே எஞ்சிய மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் இப்பாட்டு உருப்பெற்றது. அதன் அமைப்பு மிக எளியது. பன்னிரண்டு தாளக்கட்டங்கள், அவற்றுள் மூன்று அடிகள். முதலடி ஒரு துன்பத்தைச் சொல்லும். இரண்டாமடி அதனையே மீட்டும் சொல்லும். மூன்றாமடி விடை கூறும், அல்லது விடையில்லை என்று கூறும். இரண்டாம் முறை பாடும் அவகாசத்திலேயே பாடுவோன் மூன்றாமடியைத் தேடிக்கொள்கின்றான். ஒவ்வோர் அடியின் முடிவிலும் பாட்டு நிற்க, கிற்றார் மறுமொழி சொல்லும். மேலைச்சுர வரிசையின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் தம் நிலையினின்று சற்றே தாழ்ந்து குழையும். கமகத்திற் பழகிய தமிழ்ச் செவிக்கு இது வியப்பன்று. பியானோக் கட்டைகளின் நடுவே நிற்கும் அச்சுரத்தை எழுத்தில் அடக்க மேலைநாட்டார் இடர்ப்பட்டனர்.

டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் கறுப்பின இசையாளர் ஏறத்தாழ 1903இல் மிசிசிப்பியின் சிற்றூர்ப் புகையிரத நிலையமொன்றில் இரவிற் காத்திருந்தபோது, கந்தலணிந்த ஒருவன் கத்தியைக் கிற்றார் நரம்பின்மேல் இழுத்து ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடக் கேட்டதாகத் தம் வரலாற்றில் எழுதினார். அவ்வகை இசையை அவர் தாளில் எழுதி 1912இல் அச்சிட்டார். றொபேர்ட் ஜோன்சன் என்பார் 1936இலும் 1937இலும் ரெக்சாசு மாநிலத்தில் இருமுறை ஒலிப்பதிவுக்கு அமர்ந்து 29 பாடல்களைப் பதிந்துவிட்டு, 1938இல் தமது 27ஆம் வயதில் இறந்தார். மடி வோட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகரஞ் சென்றார். அந்நகரத்து மதுக்கடைகளின் இரைச்சலிற் சாதாரணக் கிற்றார் கேளாது. ஆதலின் மின்கிற்றாரைக் கைக்கொண்டார். அந்த மின்னொலியே பின்னர் றொக் இசையின் ஒலியாயிற்று. 1962இல் இலண்டனில் தோன்றிய றோலிங் ஸ்ரோன்ஸ் குழு தன் பெயரையே அவர் 1950இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. எல்விஸ் பிறெஸ்லி 1956இற் பாடி உலகப் புகழ்பெற்ற பாடலொன்றை, மூன்றாண்டு முன்னரே பிக் மாமா தோண்ரன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் குரலில் அமெரிக்கா கேட்டிருந்தது. லெட் செப்பலின் குழு 1969இல் வெளியிட்ட பெரும்புகழ்ப் பாடலொன்று தமது பாடலிலிருந்து எடுக்கப்பட்டதென்று வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார்; 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே அது தீர்க்கப்பட்டது. வழக்குத் தொடுக்குமளவு வாழ்ந்திருந்தமையும், பாடலுக்கு உரிமைப் பத்திரம் வைத்திருந்தமையும் டிக்சனின் நற்பேறு. ஏனையோர் பலருக்கு அவ்விரண்டும் வாய்த்தில.

றொக் இசைக்குப் புளூஸ் அளித்தது தாளம் ஒன்றனை மட்டுமன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அடி வகுத்த முறை, குழையும் சுரம், கிற்றாரின் மறுமொழி ஆகியவற்றோடு, தன் துன்பத்தைத் தன் வாயால் நாணமின்றிச் சொல்லும் துணிவையும் அது அளித்தது. வடிவும் உள்ளமும் ஒருங்கே சென்றன. இலங்கையில் நிகழ்ந்தது இதனை ஒத்தது. ஆயினும் ஓரிடத்தில் வேறுபட்டது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விலங்கைக் கரையை அடைந்தனர். கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் வரலாற்றில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து 1626இல் அவர்கள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேய ஆசிரியர் கூற்றை அடியொற்றி வரலாற்று நூல்கள் உரைக்கும். அதற்கு முன்னும் இக்கரையில் முஸ்லிம் குடிகள் இருந்தமை வேறு. இருவாண்டு கழித்து, 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலேயே கோட்டை எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டே நின்ற அவ்வாட்சி போயிற்று; அவ்வாட்சியோடு வந்தோர் சிலரின் வழியினர் போகவில்லை. போர்த்துக்கேயத் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்து, தச்சும் கொல்லும் தையலும் தொழிலாகக் கொண்டு, கத்தோலிக்க சமயத்தையும் கலப்புப் போர்த்துக்கேய மொழியையும் பேணிய மட்டக்களப்புப் பறங்கியர் அவர்களே. அவர்தம் மொழி அயலவர் நாவிலும் படிந்தது. மேசை, அலமாரி, கோப்பை, சப்பாத்து, வாங்கு, பாண், குசினி, லேஞ்சி என்னும் சொற்களின்றிக் கல்முனையில் ஒரு நாள் கழியாது.

போர்த்துக்கேயர் தனியே வந்தாரல்லர். மொசாம்பிக்கு முதலிய ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அடிமைகளையும் படைவீரரையும் உடன்கொண்டு வந்தனர். ஒல்லாந்தரும் அடிமைகளை வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைக் கொண்டு படைப்பிரிவு அமைத்தனர். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. அவ்வாபிரிக்கரின் வழியினர் காப்பிரியர் எனப்படுவர். இப்பெயரின் பயணம் தனியே ஒரு கட்டுரைக்குப் பொருளாகும். காபிர் என்னும் அறபுச் சொல்லை இக்கரையின் முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் ஓதப்போகும் பருவத்திலேயே அறிவர். இறைவனை ஏலாதவன் என்பது பொருள். கிழக்காபிரிக்கக் கரையில் வாணிகஞ் செய்த அறபிகள் இசுலாத்தைத் தழுவாத உள்நாட்டு மக்களை அப்பெயரால் அழைத்தனர். அச்சொல்லின் சமயப் பொருளைக் கருதாமலே போர்த்துக்கேயர் அதனை இனப்பெயராக எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்காவில் அது பெரும் வசைச்சொல்லாயிற்று. இலங்கையிலோ, புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் அம்மக்கள் தம்மைத் தாமே அப்பெயராற் கூறிக்கொள்வர்.

சிரம்பியடிக் காப்பிரியர் பாடும் பாட்டு மன்ஜா எனப்படும். சொல் சிலவே, அவை திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கி, வரவர விரைந்து, ஆடுவோர் இளைக்குமளவும் செல்லும். தப்பட்டை போன்ற ஒருமுகப் பறையோடு தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும் கரண்டியும் அவர்தம் கருவிகள். இசைக்கருவி வாங்க வகையற்றோர் வீட்டுப் பொருளையே இசைக்கருவியாக்கியதன் அடையாளம் அது. சுற்றுலாப் பேருந்தின் பின்னிருக்கையில் அப்போத்தலும் கரண்டியும் இன்றும் ஒலிக்கின்றன.

ஆபிரிக்கருடைய அத்தாளமும், போர்த்துக்கேயரின் நரம்புக் கருவியும் நாலடிப் பாட்டும் கலந்தவிடத்துத் தோன்றியதே கபிரிஞ்ஞா. காப்பிரி என்னும் பெயரோடு, சிறுமையும் செல்லமும் குறிக்கும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்த சொல் அது. ஆகவே அவ்விசையின் பிறப்புச் சான்று அதன் பெயரிலேயே எழுதப்பட்டுள்ளது. படிப்போர் இல்லை என்பதே குறை. மட்டக்களப்புப் பறங்கியரின் திருமண வீடுகளில் வயலினும் கிற்றாரும் பறையும் முழங்க, ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று கபிரிஞ்ஞா ஆடுவர். அதன் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. கருநாடக இசை கற்றோர் அதனைத் திச்ர நடையின்பாற் படுத்துவர். ஆனால், அவ்வாறையும் மும்மூன்றாக இருமுறை எண்ணும் கை ஒன்று. இவ்விரண்டாக மும்முறை எண்ணும் கை மற்றொன்று. இரண்டும் ஒரேவேளையில் ஒன்றோடொன்று மல்லாடும். கேட்போன் கால் தன்னையறியாது அசைவது அம்மல்லாட்டத்தினால். இவ்வாறு ஒரு தாளத்தின்மேல் மறுதாளத்தை ஏற்றுவது ஆபிரிக்க இசையின் தலையாய இயல்பு என்று இசையாராய்ச்சியாளர் கூறுவர்.

இப்பாடல்களை முதலில் மதித்துத் திரட்டியவர் இந்நாட்டவர் அல்லர். ஆங்கிலேய ஆட்சியின் குடியியல் அலுவலரான ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்டக்களப்புப் பறங்கியரின் பாடல்களைத் தொகுத்து வைத்தார். தமிழ், சிங்கள ஏடுகளோடு அத்தொகுதியும் இலண்டன் சேர்ந்து பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின் கென்னத் டேவிட் ஜக்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அதனை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மறைந்துபோன யாழை மீட்டற்குப் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். அத்தகைய செவி ஒன்று அதே காலத்தில் மட்டக்களப்புப் பறங்கித் தெருவின் வயலினையும் கேட்டிருக்குமாயின் எத்துணைப் பயன் விளைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அடிகளிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று. அவர் வழிவந்தோர் எதிர்பார்க்கப்படலாம்.

கபிரிஞ்ஞா பைலா ஆன வரலாறு மேற்குக் கரைக்கு உரியது. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லே பைலா. கொழும்பு முதலிய மேற்குக்கரை நகரங்களிற் கைத்தொழிலாளரிடையிலும் மீனவரிடையிலும் சிங்கள மொழியிற் பைலாப் பாட்டு வளர்ந்தது. ஒருவர் பாட மற்றவர் அதே மெட்டில் உடனுக்குடன் விடை தொடுக்கும் வாத பைலாப் போட்டிகள் திரள்திரளாக மக்களை ஈர்த்தன. 1940களிற் பொலிசுச் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் என்பார், பலர் கூடிப் பாடும் பல்லவியை அமைத்து, இன்று பைலா என்றதும் நினைவுக்கு வரும் வடிவத்தை நிலைநிறுத்தினார். கற்றோர் இதனைக் குடிமனைப் பாட்டென்று ஒதுக்கினர். அமெரிக்காவில் நாட்பட்ட சமயப்பற்றாளர் புளூசைப் பேயின் பாட்டு என்று ஒதுக்கியதும் இத்தன்மைத்தே. ஒதுக்கப்பட்ட இரண்டும் ஒதுக்கியோரின் பேரப்பிள்ளைகளைச் சென்றடைந்தன. எம். எஸ். பெர்னாண்டோ முதலியோரும், பின்னர் மின்கிற்றார் ஏந்திய ஜிப்சீஸ் போன்ற குழுவினரும் பைலாவை நாடெங்கும் கொண்டுசென்றனர்.

தமிழ்ப் பொப்பிசை இத்தளத்தின்மேல் எழுந்தது. அக்காலத்து இலங்கைத் தமிழர் கேட்ட மெல்லிய பாட்டெல்லாம் தமிழகத்துத் திரைப்பாட்டே. இலங்கை வானொலியே அதனைக் கடல் கடந்தும் ஒலிபரப்பிப் புகழீட்டியது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடு அரிசியையும் துணியையும் மட்டுமல்லாது இந்திய இதழ்களையும் படங்களையும் தட்டுப்பாடாக்கியது. தட்டுப்பாடு சிலபோது தாயாகும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாடல்கள் ஈழத்தவர் நாளாந்தம் பேசும் தமிழையே கிற்றார் ஒலியோடு மேடையேற்றின. பொப்பிசைச் சக்கரவர்த்தி என மக்களாற் கொண்டாடப்பட்ட ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைப் பாடியபோது சிங்களமும் தமிழும் ஒரே பாட்டிற் கைகோத்தன. தாளமோ இரண்டினுக்கும் உரியதன்று. அப்பாட்டு பாக்குநீரிணையைக் கடந்தது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் அது இடம்பெற்றது. மிசிசிப்பியின் பாட்டு இலண்டன் சென்று, இங்கிலாந்து இளைஞரின் பாட்டாகி, மீண்டும் அமெரிக்காவையே வென்றது போலவே, மொசாம்பிக்குக் கரையினின்று புறப்பட்ட தாளம் புத்தளம், மட்டக்களப்பு, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று சுற்றிச் சென்னையைச் சேர்ந்தது. கேட்டோர் அதனைச் 'சிலோன் பாட்டு' என்றனர். மனோகரன் 2018இற் சென்னையிற் காலமானபோது செய்தித்தாள்கள் அவரைச் சுராங்கனி புகழ் மனோகரன் என்றே எழுதின. அத்தாளத்தின் முன்னோரை எழுத எவருக்கும் தோன்றவில்லை.

இனி, முன்னர்க் குறித்த வேறுபாட்டுக்கு வரலாம். றொக் இசைக்குப் புளூசின் உள்ளமும் சென்றது என்று கூறப்பட்டது. ஈழத்துப் பொப்பிசைக்குக் கபிரிஞ்ஞாவின் கால் மட்டுமே வந்தது. மாமியாரும் மகளும், கள்ளும் கடையும், மீனும் சந்தையும் அதன் பொருளாயின. நகையே அதன் சுவை. அதிற் குற்றமில்லை, சிரிப்பதற்கும் பாட்டு வேண்டும். ஆனால் அத்தாளத்தைச் சுமந்துவந்தோரின் துயரம் அதில் ஓரெழுத்தும் இல்லை. அவர்தம் மொழி பின்வந்தோருக்கு விளங்கவில்லை. பைலாவுக்கு வருமுன்னரே சொல் உதிர்ந்து அடவு மட்டும் எஞ்சியது. புளூஸ் பாடினோர் தம்மை ஆண்டோரின் ஆங்கிலத்திலேயே பாடியமையால் அவர்தம் சொல் தப்பியது. மொழி என்னும் இவ்வொரு வேறுபாடே இரு வரலாறுகளையும் இருவேறு வழியிற் செலுத்தியது எனலாம்.

அங்ஙனமாயின் இக்கரையின் துயரம் பாட்டாகவில்லையா? ஆயிற்று. அதற்குப் பெயர் கவி. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த கல்முனைக் கரையூர்களிலும் உள்ளே நெல்வயல்களிலும் முஸ்லிம் ஆணும் பெண்ணும் பாடிவந்த நாலடிப் பாட்டு அது. வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இரவெல்லாம் விழித்திருந்தோர் தூக்கம் கலையப் பாடினர். களை பிடுங்குவோரும் அறுவடை செய்வோரும் பாடினர். தூரத்து வாடியில் மாதக்கணக்கிற் தங்கிய மச்சானை எண்ணி வீட்டிலிருந்த பெண் தனக்குள்ளே பாடினாள். பேச்சுத் தமிழே அதன் மொழி. உவமை வேண்டின் வாழைமடலும் கிணற்றுத்துலாவும் வண்டிச்சில்லும் வரும். வராதவனைக் கேட்கும் கேள்வி, கொடுக்காத தந்தைமேல் வைக்கும் முறையீடு, சீதனம் இல்லாதவளின் பெருமூச்சு ஆகியன அதன் பொருள். புளூசைக் கேட்டுப் பழகிய ஒருவர் கவியைக் கேட்பின் உறவினரைக் கண்டதுபோலத் திகைப்பர். இரண்டிலும் பாடுவோர் தம்மையே பாடுகின்றனர். இரண்டிலும் கேட்கவேண்டியவர் அருகில் இல்லை.

மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டும் நாலடி; வாதாடும் இயல்பும் அதற்கு உண்டு. கவியிலும் ஆண் தொடுக்கப் பெண் விடுக்கும் முறை உண்டு. இதுகொண்டு ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்று துணிதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. நாற்பது கிலோமீற்றர்த் தொலைவில் இருத்தல் உறவுக்குச் சான்றாகாது. தமிழ் நாட்டார் பாடலில் நாலடி மிகப் பழையது. கருவியிலும் அவ்வாறே. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடியேறும் நாட்களிற் பக்கீர்மார் தட்டிப் பாடும் வட்டப்பறையும், பறங்கியரின் கல்யாண வீட்டுப் பறையும் ஒரே இனத்தவை. முதலது எவ்வழி வந்தது, மற்றது எவ்வழி வந்தது என்பது வேறு ஆராய்ச்சி.

கவி ஏன் பொப்பிசைக்குள் நுழையவில்லை என்பதே ஈண்டு வினாவாகும். மட்டக்களப்பு, கொழும்பு மேடைகளுக்கு இக்கரையிலிருந்து வழி இல்லாமலில்லை. தடைகள் வேறு. கவிக்குக் கருவி இல்லை, தாளக்கட்டும் இறுக்கமானதன்று. இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கும் அதனை ஆறெண்ணிக்கைத் தாளம் தன் பிடிக்குள் ஏற்காது. அதனினும் பெரிய தடை, அதன் சிறந்த பகுதி பெண்களுடையது என்பது. அடுப்படியிலும் வயல்வரம்பிலும் பாடியவள் மேடையேறிப் பாடுதல் எண்ணவும் இயலாத ஊர் இது. அமெரிக்காவில் 1920இல் மமி சிமித் என்னும் பெண்மணி பாடிய புளூஸ் இசைத்தட்டு பெருவாரியாக விற்றபின்னரே, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவோர் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. அத்தகைய ஒரு குரலும் ஓர் இசைத்தட்டும் இக்கரைக்கு வாய்க்கவில்லை. நாணம் காத்தது, அக்காவலே மறைக்கவும் செய்தது.

ஆயினும் கவியின் உள்ளம் முற்றாக அடைபட்டுப் போகவில்லை. அது இசைக்குச் செல்லாது எழுத்துக்குச் சென்றது. பெரியநீலாவணையிற் பிறந்த நீலாவணன் (1931–1975) இப்பகுதி உழவர் பேச்சையும் வழக்கத்தையும் தம் செய்யுளில் ஏற்றினார். அவர் மறைந்தபின் 1982இல் வெளிவந்த 'வேளாண்மை' என்னும் காவியம் அதற்குச் சான்று. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். பாடினோர் பெயர் பெரும்பாலும் தெரியாது. பாட்டின் சொல் அச்சில் உளது; பாடிய இழுப்பு அச்சில் இல்லை. புளூசைப் பொறுத்தமட்டில் அலன் லோமக்ஸ் போன்றோர் ஒலிப்பதிவுக் கருவியைத் தோட்டத்துக்கே கொண்டு சென்றனர். 1941இல் மடி வோட்டர்சின் குரல் முதன்முதலிற் பதிவானது அவர் குடியிருந்த தோட்டத்திலேயே.

கபிரிஞ்ஞாவுக்கு அத்தகைய பதிவு மிகப் பிந்தியேனும் கிட்டியது. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த கடற்கோள் இக்கரையெங்கும் உயிர் குடித்தது; இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பு அம்பாறையிலேயே நேர்ந்தது. மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் தம் கடற்கரைத் தெருக்களை இழந்த அதே முற்பகலில், மட்டக்களப்பிற் பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்சுபார்ப் பகுதியும் அழிந்தது. எஞ்சியோரிற் பலர் வேறிடங்களிற் குடியமர்ந்தனர். கலப்புப் போர்த்துக்கேயம் பேசும் வீடுகள் அருகின. இளையோர் தமிழே பேசினர். 2015 முதலாக லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோ முதலிய ஆய்வாளர் கிழக்கு மாகாணத்துப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலியிலும் ஒளியிலும் பதிந்து, அழியும் நிலையிலுள்ள மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் வைப்பித்தனர். அப்பதிவுகளில் வயதான தச்சரும் தையற்காரரும் வயலினை மார்பிலணைத்து, ஆறெண்ணிக்கைத் தாளத்துக்குக் காலால் தரையைத் தட்டுகின்றனர். பின்னால் ஒரு பெண் தமிழில் யாரையோ தேநீர் கொண்டுவரச் சொல்லும் ஓசையும் சேர்ந்தே கேட்கும்படியான வீட்டுக் கூடங்களிலேதான் அவ்விசை இன்று வாழ்கின்றது.

கவியை இழுத்துப் பாட அறிந்த மூதாட்டியர் கல்முனைக் கரையில் இன்னும் சிலர் உளர். சுற்றுலாவுக்குப் புறப்படும் பேருந்திற் போத்தலும் கரண்டியும் ஏந்திய மாணவர் அவர்களின் பேரப்பிள்ளைகள். ஒலிப்பதிவுக் கருவியும் இன்று அம்மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் உளது.